மூச்சுப் பயிற்சி யார் கையில் இருக்க வேண்டும்?

ஆழமாக மூச்சு விட்டால் உடம்புக்கு ஆக்ஸிஜன் அதிகம் கிடைக்கும், அதனால் தெம்பு கூடும், நோய் விலகும். பூங்காக்களில் காலையில் நடக்கும் யோகா வகுப்பிலும், அலுவலகங்களில் நடத்தும் மன அழுத்தப் பயிலரங்கிலும், வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் காணொளிகளிலும் மூச்சுப் பயிற்சிக்குச் சொல்லப்படும் முதல் காரணம் இதுதான். இது தவறான காரணம். கொரோனா இரண்டாம் அலையின்போது பல வீடுகளில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வைத்திருந்தார்கள். நோயில்லாதவர் விரலில் மாட்டினால் 97, 98 என்று காட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஆக்ஸிஜன் செறிவு எப்போதுமே 95 முதல் 100 சதவீதத்துக்குள் இருக்கிறது. ஏறக்குறைய நிரம்பிவிட்ட இடத்தில் இன்னும் நிரப்ப எதுவும் இல்லை. வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் வேறொன்று நடக்கும். ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மீறி வெளியேறும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல இருக்கும். அந்தக் கிறுகிறுப்பைத்தான் பலர் சக்தி ஏறுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

மூச்சுப் பயிற்சியைப் பிடிக்காதவர்கள் கிளப்பிய சந்தேகம் அல்ல இது. 1924இல் மகாராஷ்டிரத்தின் லோணாவ்ளாவில் கைவல்யதாமா என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் சுவாமி குவலயானந்தா. அதே ஆண்டில் 'யோக மீமாம்சா' என்ற ஆய்விதழையும் தொடங்கினார். பிராணாயாமத்தை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்து அளந்து பார்த்த முன்னோடி அவர். பயிற்சியின்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்ஸிஜனையும் வெளியேற்றும் கார்பன் டை ஆக்ஸைடையும் 1930களில் அளந்துவிட்டு, பிராணாயாமத்தால் கூடுதல் ஆக்ஸிஜன் கிடைக்கிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்று சொன்னார். அதன் மதிப்பை நரம்புகளிடம் தேட வேண்டும் என்பது அவருடைய நிலை. பிராணாயாமத்துக்காகவே வாழ்ந்த ஒருவர் ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பு ஒதுக்கித்தள்ளிய காரணத்தை நாம் இன்னும் மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மூச்சை மெதுவாக்குவதால் பலன் உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பலன் அளவானது. அளவான பலனைச் சந்தையால் விற்க முடியாது என்பதால்தான் பொய்யான காரணங்களும் பெரிய வாக்குறுதிகளும் அதன்மேல் ஏற்றப்படுகின்றன. காசு செலவில்லாத, பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடக்கூடிய இந்தப் பழக்கத்தை அதன் உண்மையான அளவோடு சொல்லித்தரக்கூடிய இடம் அரசின் ஆரம்ப சுகாதார நிலையம்தான். அங்கே இன்று அது பெயரளவுக்குக்கூட பல இடங்களில் இல்லை.

முதலில், பலன் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஒருவர் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் ஏறக்குறைய 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவற்றிலேயே தங்கி, நுரையீரலின் நுண்காற்றறைகளை எட்டாமல் திரும்பிவிடுகிறது. தூக்கும்போதெல்லாம் ஒரு கை நீர் சிந்திவிடும் குடத்தால் தொட்டி நிரப்புவதுபோலத்தான் இது. நடை குறைந்தால் சிந்துவதும் குறையும். நிமிடத்துக்கு 15 மூச்சு என்றால் 7.5 லிட்டர் காற்றை இழுத்து, 5.25 லிட்டரைப் பயன்படுத்துகிறோம். அதே 5.25 லிட்டரை 6 மூச்சில் பெற 6.15 லிட்டர் இழுத்தால் போதும். பயன்படும் காற்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மெதுவாக மூச்சு விடுபவர் அதிகமாக எதையும் பெற்றுவிடவில்லை. அதே வேலையைக் குறைந்த காற்றில் முடிக்கிறார். வாயால் விடுவதைவிட மூக்கால் விடுவது நல்லது என்பதற்கும் காரணம் இருக்கிறது. காற்று வடிகட்டப்பட்டு, ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்து உள்ளே போகிறது. மூக்கை ஒட்டிய எலும்புக் குழிகளில் நைட்ரிக் ஆக்ஸைடு உற்பத்தியாகி மூச்சோடு கலப்பதை ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 1995இல் காட்டினார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் வாயு அது.

ஆனால், பயிற்சியின் சாரம் நுரையீரலில் இல்லை, இதயத்திடம் இருக்கிறது. மணிக்கட்டில் விரலை வைத்து, இமைகளை மூடி, நிதானமாக மூச்சை இழுத்துவிட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது, விடும்போது தளர்கிறது. இளம் வயதினரிடம் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1847இலேயே இதைப் பதிவுசெய்துவிட்டார். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கி நடத்துகிறது; மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. மூச்சு விடும் நேரத்தை நீட்டினால், வேகஸ் நரம்பு இதயத்தைப் பிடித்திருக்கும் நேரமும் நீள்கிறது. இதோடு இன்னொரு ஏற்பாடும் சேர்கிறது. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியிலும் ரத்த அழுத்தத்தை உணரும் முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை இதயத்தைத் தணிக்கிறது, இறங்கினால் விரைவுபடுத்துகிறது. இந்தச் சுற்று ஒருமுறை போய்வர ஏறக்குறைய 10 நொடி ஆகிறது. ஒரு மூச்சுக்கும் 10 நொடி என்று வைத்துக்கொண்டால், அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு என்றால், இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, அழுத்தத்தைச் சீர்செய்யும் அந்த ஏற்பாடு கூர்மையாகிறது.

இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு பல வகையில் முக்கியமானது. இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்டியும் சகாக்களும் 23 ஆரோக்கியமானவர்களை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லவைத்தார்கள். 'ஓம் மணி பத்மே ஹூம்' என்ற மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்கு இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் திறன் கூடியது. 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான இந்த ஆய்வைப் படிக்கும்போது, கிறிஸ்தவத் துறவியரும் திபெத்தியப் பிக்குகளும் அளவுகோல் எதுவும் கையில் இல்லாமல், ஒரே தாளத்தில் வந்து நின்றிருப்பது வியப்பளிக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் 60 மருத்துவ மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மெதுவான மூச்சையும் மற்றதற்கு வேகமான மூச்சையும் 3 மாதம் பழக்கினார்கள். மெதுவாக மூச்சு விட்டவர்களிடம் உடலை அமைதிப்படுத்தும் நரம்புகளின் செயல்பாடு கூடியது. வேகக் குழுவிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவுமில்லை. 2004இல் வெளியான ஆய்வு இது. மூச்சுப் பயிற்சி என்று பொதுவாகப் பேசுவதே குழப்பம் என்பதை இது காட்டுகிறது. வேலை செய்வது நிதானம்தான்.

மனம் அமைதி அடைவதற்கும் மூச்சுக்கும் மூளைக்குள்ளேயே தொடர்பு இருக்கிறதா என்ற கேள்விக்கும் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது. மூச்சின் தாளத்தை உண்டாக்கும் சிறு நரம்புக் கூட்டம் ஒன்று முகுளத்தில் இருப்பதை ஜாக் ஃபெல்ட்மனின் குழு 1991இல் அடையாளம் கண்டது. அந்தக் கூட்டத்திலிருந்து மூளையின் விழிப்பையும் பதற்றத்தையும் தூண்டும் பகுதிக்குச் செய்தி அனுப்பும் சில நரம்பணுக்களை எலிகளில் அழித்துப் பார்த்தபோது, அவை மூச்சு விட்டுக்கொண்டே அசாதாரண அமைதியில் ஆழ்ந்துவிட்டன. 2017இல் சயன்ஸ் இதழில் இது வெளியானது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது. என்றாலும், பதறும்போது மூச்சு வாங்குவதை மட்டுமல்லாமல், மூச்சு தணிந்தால் பதற்றமும் ஏன் தணியலாம் என்பதையும் நினைத்துப் பார்க்க ஒரு பாதையாவது கண்ணுக்குத் தெரிகிறது.

தமிழில் இந்த விஷயத்துக்கு நீண்ட பின்னணி உண்டு. பத்தாம் திருமுறையான திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசுகிறது. அதில் பிராணாயாமத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. திருமூலர் அங்கே அளவே கொடுத்துவிடுகிறார். பூரகம் (உள்ளிழுத்தல்) 16 மாத்திரை நேரம், கும்பகம் (அடக்குதல்) 64, ரேசகம் (வெளிவிடுதல்) 32. உள்ளிழுப்பதைப்போல் இரு மடங்கு நேரம் வெளிவிட வேண்டும் என்ற விகிதம், வேகஸ் நரம்பைப் பற்றி இன்று தெரிந்திருப்பதோடு பொருந்திப்போகிறது. ஆகவே எல்லாம் அன்றே சொல்லப்பட்டுவிட்டது என்று முடித்துக்கொள்ளும் ஆசை எழலாம். அது திருமூலருக்கும் நியாயம் செய்யாது. அவர் பேசியது ரத்தக் கொதிப்பைப் பற்றி அல்ல. சிவத்தை அடையும் வழியைப் பற்றி. குருவின் அருகிலிருந்து, இயமம், நியமம், ஆசனம் என்று படிப்படியாக வந்தவருக்குச் சொன்னது அது. 64 மாத்திரை மூச்சை அடக்குவதை இதய நோயாளியோ, ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவரோ, கர்ப்பிணியோ புத்தகத்தைப் பார்த்துச் செய்யக் கூடாது. சித்தர் மரபில் பழகுபவர்கள், சுகாதார நிலையத்தில் சொல்லித்தருவதைப் பிராணாயாமம் என்றே அழைக்கக் கூடாது என்று ஆட்சேபித்தால் அதை ஏற்றுக்கொள்வதில் தயக்கம் வேண்டாம். அடக்குதல் இல்லாமல், மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடுவது யாருக்கும் சொல்லித்தரக்கூடிய வேறொரு எளிய காரியம். அதற்கு மெதுமூச்சு என்றே பெயர் வைத்துக்கொள்ளலாம்.

இனி ஆட்சேபங்களுக்கு வருவோம். மிகவும் கனமானது அறிவியலின் தரப்பிலிருந்தே வருகிறது. மூச்சுப் பயிற்சியால் மன அழுத்தம் குறைகிறதா என்று 12 சோதனைகளை, மொத்தம் 785 பேரை, சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு 2023இல் வெளியானது. பலன் உண்டு, ஆனால் சிறிதிலிருந்து நடுத்தரம் வரைதான் என்றது அது. அதே ஆய்வாளர்கள் அதே ஆண்டில் 400 பேரை வைத்துக் கடுமையான சோதனை ஒன்றை நடத்தினார்கள். பாதிப் பேர் நிமிடத்துக்கு 5.5 மூச்சு, மீதிப் பேர் 12 மூச்சு; தினமும் 10 நிமிடம், 4 வாரம். இரண்டு குழுவிலும் மனநிலை மேம்பட்டது. இரண்டுக்கும் இடையே வேறுபாடு இல்லை. ரத்த அழுத்தத்திலும் இதே கதைதான். மூச்சை மெதுவாக்கப் பழக்கும் கருவி ஒன்றை நெதர்லாந்தில், சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்த 48 பேரிடம், வெறும் இசை கேட்கவைக்கும் போலிக் கருவியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் வந்த முடிவு, கருவியால் தனிப் பலன் ஏதும் இல்லை என்பது.

இந்த முடிவுகளை மறைத்துவிட்டு மூச்சைப் பற்றிப் பேசுபவர் நேர்மையாகப் பேசவில்லை. நான் இவற்றை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மெதுவான மூச்சு, பழகும் நேரத்தில் நாடியையும் அழுத்தத்தையும் தணிப்பது உறுதியாகத் தெரிகிறது. அந்தத் தணிப்பு நாள் முழுக்கத் தங்குகிறதா, மாதக்கணக்கில் நிலைக்கிறதா என்பதில் சான்றுகள் முரண்படுகின்றன. மனநிலையைப் பொறுத்தவரை, சரியான எண் எது என்ற ஆராய்ச்சி வீண். பத்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார்ந்து, கைபேசியைக் கீழே வைத்து, மூச்சில் கவனம் வைப்பதிலேயே பலனின் பெரும்பகுதி இருக்கலாம். 5.5 மூச்சுதான் ரகசியம் என்று சந்தா கட்டும் செயலி விற்பவருக்கு இது கெட்ட செய்தி. நிமிடத்தை எண்ணத் தெரியாத பாட்டிக்கு நல்ல செய்தி. அவர் எண்ண வேண்டியதே இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட இன்னொரு சோதனையில், தினமும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்யப்பட்ட பயிற்சிகளில், வெளிமூச்சை நீட்டும் முறைதான் மனநிலையை அதிகம் உயர்த்தியது. ஒருமுறை இழுத்து, அதன்மேல் இன்னும் சற்று இழுத்து, பிறகு நீளமாக விடும் முறை அது. பெருமூச்சுதான். நமக்குத் தெரியாமலே உடல் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒருமுறை பெருமூச்சு விட்டு, மூடிக்கொண்ட நுண்காற்றறைகளைத் திறந்துகொள்கிறது. பதற்றத்தைக் குறைப்பதில் எல்லாக் குழுக்களும் ஒரே அளவு பலன் பெற்றன என்பதையும் அந்த ஆய்வு சொல்லியிருக்கிறது.

அளவான பலன் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் ஆஸ்துமா. பிரிட்டனில் 655 ஆஸ்துமா நோயாளிகளுக்கு மூச்சை ஒழுங்குபடுத்தும் பயிற்சியை, சிலருக்கு டிவிடி வழியாகவும் சிலருக்கு இயன்முறை சிகிச்சையாளர் நேரிலும் கற்றுத்தந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நுரையீரலின் திறன் கூடவில்லை. மூச்சுக்குழாய் வீக்கம் குறையவில்லை. ஆனால், நோயாளிகளின் அன்றாட வாழ்க்கை நிலை தெளிவாக மேம்பட்டது. டிவிடி பார்த்துக் கற்றவர்களும் நேரில் கற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் பெற்றார்கள். நோய் அப்படியே இருக்கிறது, நோயாளி அதை எளிதாகச் சுமக்கிறார். இன்ஹேலரைக் கைவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. இன்ஹேலரோடு சேர்த்துச் செய்ய உகந்த துணை என்று பொருள். நெடுநாள் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களுக்கு உதட்டைக் குவித்து மெதுவாக ஊதி விடச் சொல்லித்தருவது எல்லா இயன்முறை சிகிச்சையாளரும் செய்வது. படியேறி வந்து மூச்சு வாங்கி நிற்பவருக்கு அது உடனடி ஆறுதல்.

தெம்பு பற்றியும் இதே அளவோடு பேச வேண்டும். நாள் முழுக்க மேல்மார்பால் வேகமாக மூச்சு விடுபவருக்குக் கழுத்துத் தசையும் தோள்தசையும் ஓயாமல் உழைக்கின்றன. உதரவிதானம் செய்ய வேண்டிய வேலையை அவை இழுத்துப்போட்டுக்கொள்கின்றன. மூச்சை வயிற்றுக்கு இறக்கிப் பழகினால் அந்த வீண் உழைப்பு மிச்சமாகும். படுக்கப்போகும் முன் பத்து நிமிடம் நிதானமாக மூச்சு விட்டதால் நல்ல உறக்கம் வந்தால், காலையில் வரும் தெம்பு உறக்கத்தின் கொடை. இதற்கு மேல் மூச்சிலிருந்து தனியான சக்தி எதுவும் சுரப்பதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ரத்தசோகையால் சோர்ந்திருக்கும் பெண்ணுக்கு வேண்டியது இரும்புச்சத்து. மூச்சுப் பயிற்சியால் தெம்பு வரும் என்று அவரிடம் சொல்லி அனுப்புவது கொடுமை.

மிகைக்கூற்று தீங்கில்லாதது என்று நினைப்பவர்கள் 2020 மார்ச்சை நினைத்துப் பார்க்க வேண்டும். மூச்சை 10 நொடி இருமாமல் அடக்க முடிந்தால் கொரோனா தொற்று இல்லை என்ற செய்தி நாடெங்கும் பரவியது. உலக சுகாதார நிறுவனமே மறுக்க வேண்டியிருந்தது. கபாலபாதி என்ற வேகமான மூச்சுப் பயிற்சியை அளவுக்கு மீறிச் செய்த ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துகொண்ட சம்பவம் 2004இல் மருத்துவ இதழில் பதிவானது. வேகமாக மூச்சை இழுத்து விட்டுவிட்டுத் தண்ணீரில் முங்குபவர்கள், மூச்சு வேண்டும் என்ற உந்துதலே எழாமல் நினைவிழந்து மூழ்கிப்போகும் ஆபத்தும் உண்டு; நீச்சல் பழகும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பரவலான தீங்கு ஓசையில்லாதது. மூச்சுப் பயிற்சி செய்கிறேன், இனி எதற்கு என்று பி.பி. மாத்திரையை நிறுத்திவிடுவது. இந்தியாவில் வயதுவந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதாக 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பங்கினர் மாத்திரையை நிறுத்தினாலும், பக்கவாதமும் சிறுநீரகச் செயலிழப்பும் எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரசு இதைக் கையில் எடுத்தால் மதத்தைப் புகுத்துவதாகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நியாயமான காரணம் உண்டு. 2015 முதல் ஜூன் 21 அன்று கொண்டாடப்படும் யோகா நாளைச் சுற்றி நடக்கும் அரசியல் அந்த ஐயத்தை வளர்த்திருக்கிறது. ஜெபமாலையும் மந்திரமும் ஒரே தாளத்தைத் தந்ததே இதற்குப் போதுமான பதில். சொல் வேண்டியதில்லை, உருவம் வேண்டியதில்லை, பாய்கூட வேண்டியதில்லை. பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் 1950களில் பிரசவ வலியைத் தாங்க மூச்சை ஒழுங்குபடுத்தக் கற்றுத்தந்த ஃபெர்னான் லமாஸ் ஒரு மகப்பேறு மருத்துவர்; அவருடைய முறை உலகம் முழுக்கப் பிரசவ அறைகளுக்குப் பரவியது. அங்கே யாரும் மதத்தைப் பற்றிப் பேசவில்லை.

இதைவிட வலுவான ஆட்சேபம் இடதுசாரிகளும் தொழிற்சங்கத்தினரும் எழுப்புவது. 12 மணி நேர வேலை, குறைவான கூலி, கழிப்பறைக்குப் போக நேரம் தராத மேற்பார்வையாளர். இவற்றை விட்டுவிட்டு உழைப்பாளியிடம் மெதுவாக மூச்சு விடு என்று சொல்வது, சுமையை அவர் தலையிலேயே திருப்பி வைப்பது. இந்த ஆட்சேபத்தை முழுதாக ஏற்கிறேன். நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஒருநாள் மூச்சுப் பயிலரங்கு நடத்திவிட்டு வேலை நேரத்தைத் தொடாமல் இருப்பது கண்டிக்கத்தக்கது. காற்றின் தரத்துக்கும் இது பொருந்தும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் மீனவக் குடும்பங்கள் வீடுகளை விட்டு ஓடின. நஞ்சு கலந்த காற்றை நிதானமாகச் சுவாசிக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. மூச்சைப் பற்றி அக்கறைப்படும் இயக்கங்கள் எண்ணூர், மணலியின் காற்றைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஆனாலும், வேலை நேரம் குறையும்வரை அந்த உழைப்பாளிக்கு உறக்கம் வரவேண்டாம், நாடி தணியவேண்டாம் என்று சொல்ல முடியாது. வசதியானவர் பணம் கட்டிக் கற்றுக்கொள்ளும் ஒன்று அவருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பதுதான் சமத்துவத்தின் பக்கம் நிற்கும் நிலை.

எல்லோருக்கும் இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பீதித் தாக்குதல் வரும் சிலருக்கும், கொடிய வன்முறையைக் கடந்துவந்தவர்களுக்கும் மூச்சைக் கவனிக்கச் சொன்னாலே பயம் கூடும். கண்ணை மூடச் சொன்னால் இன்னும் மோசமாகும். அவர்கள் கண்ணைத் திறந்தபடி, ஒரு பாட்டை முணுமுணுத்தபடி வெளிமூச்சை நீட்டலாம். அதுவும் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். வற்புறுத்தக் கூடாது.

இனி, செய்ய வேண்டியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. மெதுமூச்சைச் சேர்க்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. மாத்திரையைக் கொடுக்கும் கையே மூச்சையும் சொல்லித்தந்தால், மாத்திரைக்குப் பதில் மூச்சு என்ற குழப்பத்துக்கு இடமிருக்காது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் ஜிப்மரின் அனுபவம் இருக்கிறது. தன்னார்வலர்களுக்கு அரைநாள் பயிற்சி தர ஆளுக்குப் பஞ்சமில்லை. சொல்லித்தர வேண்டியதும் கொஞ்சம்தான். நாற்காலியிலோ திண்ணையிலோ முதுகைச் சாய்த்து உட்கார்வது. ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் மெதுவாக இழுப்பது. வயிறு எழுவதைக் கை உணர்வது. இழுத்ததைவிட நீளமாக, அவசரமில்லாமல் விடுவது. தலை சுற்றினால் நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடுவது. காலையில் 5 நிமிடம், இரவில் 5 நிமிடம்.

ஒரு சிறு விஷயத்தில் கவனம் தேவை. ரத்த அழுத்தம் பார்க்கும் முன் நோயாளி 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் படிந்திருக்க வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 5 நிமிடத்தையே மெதுமூச்சு பழகப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். கூடாது. மூச்சை மெதுவாக்கிய கையோடு பார்த்தால் அளவு சற்று இறங்கிக் காட்டும். அந்த இறக்கம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று தெரியாது. அதை நம்பி மாத்திரையின் அளவைக் குறைத்துவிட்டால் நோயாளிக்கு ஆபத்து. முதலில் பி.பி. பார்த்து, அட்டையில் எழுதி, மாத்திரையைக் கொடுத்து, அதன் பிறகே மூச்சைச் சொல்லித்தர வேண்டும்.

எடுத்த எடுப்பில் மாநிலம் முழுக்க அறிவிக்கவும் வேண்டாம். சில வட்டாரங்களில் மெதுமூச்சோடும், அவற்றையொத்த வேறு சில வட்டாரங்களில் வழக்கமான முறையிலும் ஓராண்டு நடத்தி, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர், உறக்கம் எப்படி, அழுத்தம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். சான்றுகள் முரண்படும் விஷயத்தில் நமக்கென்று ஒரு சான்றை உருவாக்கிக்கொள்ளும் வாய்ப்பு இது. இவ்வளவு பேரின் அழுத்த அளவை வீடுதேடிச் சென்று குறித்துவைக்கும் ஏற்பாடு கையில் இருக்கும்போது, அதற்கான செலவு பெரும்பாலும் கூடுதல் பதிவேட்டோடு முடிந்துவிடும். அழுத்தத்தில் பலன் இல்லை என்று முடிவு வந்தால் அதையும் அப்படியே வெளியிட்டு, உறக்கத்துக்கும் படபடப்புக்கும் மட்டும் என்று அளவைச் சுருக்கிக்கொள்ளலாம். சந்தையிலிருக்கும் எந்த மூச்சுப் பள்ளியும் தன் மாணவர்களிடம் அப்படிச் சொல்லாது. சுகாதாரத் துறையால் சொல்ல முடியும்.